மோட்டார் போடும் நேரம்: நங்கநல்லூரில் ஒரு பயந்த பூனை

2024 மார்ச் 2, சனிக்கிழமை மாலை. நங்கநல்லூரில் ஓர் அடுக்ககத்தின் முதல் மாடி. பின்பக்கப் படுக்கையறையில் கூடையை வைத்துக் கதவைத் திறந்தேன். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று தரையோடு தரையாகப் போய்க் கட்டிலுக்கு அடியில் மறைந்தது. அடுத்த பதினொரு நாட்களுக்கு அந்த வீட்டார் தாங்கள் தத்து எடுத்த பூனையை முழு உருவமாக ஒருமுறைகூட நேரில் பார்க்கவில்லை.

மீட்கப்பட்ட பூனைகளுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும், கொடுத்த பிறகு சில மாதம் போய்ப் பார்த்து வருவதும் என் ஞாயிற்றுக்கிழமை வேலை. பெரும்பாலான பூனைகள் இரண்டு மூன்று வாரத்தில் சோபாவைப் பிடித்துக்கொள்ளும், நானும் மறந்துவிடுவேன். இந்த ஒன்றை மட்டும் விரிவாக எழுதக் காரணம், இதில் நடந்த பெரிய தவறு என்னுடையது. அந்த அறையைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

எங்கிருந்து வந்தாள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை சென்னையைப் போட்டுத் தாக்கியது நினைவிருக்கும். 6-ஆம் தேதி காலை பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு தெருவில், தேங்கிய தண்ணீருக்கு மேலே, ஒரு வீட்டின் சன்ஷேடில் உட்கார்ந்திருந்தாள். எத்தனை நாளாக அங்கே இருந்தாள் என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. ஏணி வைத்து, துணியைப் போட்டுப் பிடித்தோம். கத்தவில்லை, கடிக்கவில்லை. கட்டை மாதிரி விறைத்துப்போய் இருந்தாள். பார்க்கிறவர்கள் "எவ்வளவு சாது" என்றார்கள். பூனை விறைத்துப்போவது சாதுவான குணம் கிடையாது. ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது என்ற நிலையில் உடம்பு எடுக்கும் கடைசி முடிவு அது.

அதன்பிறகு பத்துப் பன்னிரண்டு வாரம் ஒரு தனியார் காப்பகத்தில் கூண்டில் இருந்தாள். பக்கத்துக் கூடத்தில் நாய்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த மாதம் எல்லா இடமும் நிரம்பி வழிந்தது. அங்கே கருத்தடை செய்து, அதற்கு அடையாளமாக இடது காதின் நுனியைக் கொஞ்சம் நறுக்கி, முத்தடுப்பூசியும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டார்கள். பல்லைப் பார்த்து இரண்டு வயது இருக்கும் என்றார் டாக்டர். எடை 2.8 கிலோ. மூக்கின் இடப்பக்கம் மிளகளவு ஒரு கரும்புள்ளி, அதனால் மூக்குத்தி என்று பெயர்.

அவளை வீட்டுக்குக் கொடுக்கலாமா என்பதே முதல் கேள்வி. பூனைக்குட்டிகள் மனிதர்களோடு பழகக் கற்கும் பருவம் மிகச் சின்னது. பிறந்து சுமார் 2 முதல் 7 வாரம் வரை. அந்த வாரங்களில் மனிதக் கையே படாத பூனை, வளர்ந்தபின் வீட்டுக்குள் அடைபட்டால் பெரும்பாலும் அது சிறைவாசம்தான். அப்படிப்பட்டவற்றைக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடுவதே நியாயம். மூக்குத்தி அந்த வகை இல்லை என்று நான் நினைத்ததற்கு இரண்டு தடயங்கள். எவர்சில்வர் டப்பா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டால் காது முன்னால் திரும்பும். யாரும் இல்லை என்று நினைக்கும் நேரத்தில் கூண்டின் கம்பியில் கன்னத்தைத் தேய்ப்பாள். யாரோ ஒரு வீட்டுப் பின்வாசலில் சோறு சாப்பிட்டு வளர்ந்தவள். பயம் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

வீடும் மனிதர்களும்

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பதினொரு வயது மகள். கணவரின் அம்மா, எழுபதைத் தாண்டியவர். நான் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். அய்யங்கார் வீடு, சமையலறையில் முட்டைகூட நுழைந்ததில்லை. மகள் ஒரு வருடமாகக் கெஞ்சி, பெற்றோர் சம்மதித்து, மாமி மட்டும் பேசாமல் இருந்தார்.

முதல் நாள் மாமி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "ஏம்மா, இதுக்குத் தயிர் சாதம் பழக்கிட முடியாதா?"

முடியாது மாமி என்றேன். பூனை இறைச்சியை நம்பியே பிறந்த உயிர். டாரைன் என்ற சத்தைப் போதுமான அளவு தானே தயாரித்துக்கொள்ள அதன் உடம்பால் முடியாது, அது மாமிச உணவில்தான் இருக்கிறது. அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்துவிடும். இதயக் கோளாறுக்கும் டாரைன் குறைவுக்கும் உள்ள தொடர்பு 1987-ல் தெரியவந்த பிறகுதான் பூனைத் தீனி தயாரிப்பாளர்கள் அதைக் கூடுதலாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பாலும் வேண்டாம், வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, வயிற்றால் போகும். கடைசியில் ஒப்பந்தம் இப்படி முடிந்தது: உலர் தீனியும் பவுச்சில் வரும் ஈரத் தீனியும் மட்டும், அதற்கென்று தனிக் கிண்ணம், தனி ஸ்பான்ஜ், பால்கனிக் குழாயில் கழுவல். மாமி தலையாட்டினார். சந்தோஷமாக இல்லை.

முதல் பதினொரு நாள்

பயந்த பூனைக்கு முதலில் முழு வீட்டையும் காட்டக் கூடாது, ஓர் அறை போதும். இதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பின்பக்க அறையைப் பார்த்ததும் பிடித்துப்போனது. தெருச் சத்தம் கிடையாது, ஆள் நடமாட்டம் கிடையாது, ஜன்னலுக்கு வெளியே குழாய்கள் இறங்கும் டக்ட் மட்டும். கதவை மூடினால் நிசப்தம். மிக்சி வந்த அட்டைப்பெட்டியில் எதிரெதிராக இரண்டு ஓட்டை போட்டு வைத்தோம், ஒரு வழியில் ஆள் வந்தால் மறு வழியில் போகலாம் என்ற தைரியம் பூனைக்கு வேண்டும். பெட்டி வைப்பது செல்லம் கொடுக்கும் வேலை இல்லை. 2014-ல் நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் சிலவற்றுக்கு ஒளியப் பெட்டி கொடுத்து, மற்றவற்றுக்குக் கொடுக்காமல் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை வேகமாகத் தெளிந்தன. பீரோவுக்குப் பின்னால் இருந்த நாலு அங்குல இடுக்கைத் தலையணையால் அடைத்தோம், அங்கே போய்ச் சிக்கினால் எடுக்க வழியில்லை. கூடையைப் பரணில் போடாமல், உள்ளே துணி விரித்துத் திறந்தே வைத்தோம்.

எல்லாம் புத்தகத்தில் இருப்பதுபோலச் செய்தாயிற்று. அவள் சாப்பிடவில்லை.

முதல் நாள் பூஜ்யம், இரண்டாம் நாள் பூஜ்யம். இதை "பயம் தெளிஞ்சா தானா சாப்பிடும்" என்று விட்டுவிடக் கூடாது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ப் படியும், குறிப்பாக குண்டான பூனைகளில். உயிருக்கே ஆபத்தான நிலை அது. 48 மணி நேரம் ஆனதும் டாக்டருக்குப் போன் செய்தேன். பசி தூண்டும் மாத்திரை எழுதினார், மறுநாள் காலைக்குள் சாப்பிடாவிட்டால் கொண்டுவரச் சொன்னார். அன்று இரவு கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் அளவு குறைந்திருந்தது. மறுநாள் இரவு இரண்டு ஸ்பூன். மாத்திரை தேவைப்படவில்லை. ஆனால் அந்த இரண்டு ஸ்பூனிலேயே நின்றுவிட்டது.

ஆறாம் நாள் இன்னொரு பிரச்சினை. மண் தட்டை விட்டுவிட்டு வாசல் மிதியடியில் சிறுநீர் கழித்திருந்தாள். சிறுநீர்த் தொற்றா என்று டாக்டரைக் கேட்டு அது இல்லை என்று ஆனபின், தட்டருகே குனிந்து மோந்து பார்த்தேன். பினாயில். வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பூனை அறை நாறக் கூடாது என்ற அக்கறையில் தட்டின் விளிம்பு வரைக்கும் பினாயில் போட்டுத் துடைத்திருந்தார். பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகை ரசாயனங்களை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கினாலே உள்ளே போகும். பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதும் இதே குறையால்தான், ஒரே மாத்திரை போதும். அந்துருண்டையும் அப்படியே விஷம். அன்றிலிருந்து அந்த அறைக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும். அக்காவிடம் காரணத்தைச் சொன்னதும், "சொல்லியிருந்தா நான் ஏன்மா போடப்போறேன்" என்றார். நியாயம்தான், முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். மிதியடிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

சாப்பாட்டுப் பிரச்சினை தீரவில்லை. 1997-ல் கெஸ்லர், டர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் பூனையின் பதற்றத்தை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தார்கள். 1 என்றால் முழுத் தளர்ச்சி, 7 என்றால் பீதி. படுத்திருக்கும் விதம், வால், காது, கண்மணியின் விரிவு, மூச்சு இவற்றைப் பார்த்து மதிப்பெண் போடுவது. முதல் நாள் மூக்குத்திக்கு 6 போட்டேன். ஒன்பதாம் நாள் கட்டிலுக்கடியில் டார்ச் அடிக்காமல் எட்டிப் பார்த்தபோதும் 6 தான். ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. இது எனக்குப் புதிது. மெதுவாகத் தெளியும் பூனைகளைப் பார்த்திருக்கிறேன், அசையவே அசையாததைப் பார்த்ததில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று மாமியின் மருமகள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி அறைக்குள் நின்றுகொண்டிருந்தது.

கிண்ணத்தில் வளையம்

விடையைக் கண்டுபிடித்தது மகள். என்ன சாப்பிடுகிறாள், எப்போது என்று ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தேன். வெறும் குறிப்பு போதாது என்று நினைத்து, அப்பாவின் பழைய போனை அலமாரியில் சாய்த்துவைத்து இரவு முழுக்கப் படமெடுத்திருந்தாள். ஞாயிறு போனபோது, "ஆன்ட்டி, இதப் பாருங்க" என்று நாலு துண்டுகளை அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினாள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் மூக்குத்தி வெளியே வருகிறாள். மோப்பம் பிடிக்கிறாள். கொஞ்சம் சாப்பிடுகிறாள். நாற்காலிக் காலில் கன்னத்தைக்கூடத் தேய்க்கிறாள். நாலு மணிக்கெல்லாம் போய்விடுகிறாள். இது மூன்று இரவு. நாலாவது இரவு கொஞ்சம் பிந்தி வந்து, காலை ஐந்தரைக்குக் கிண்ணத்தின் அருகில் இருக்கிறாள். திடீரென்று உடம்பு தரையோடு ஒட்டுகிறது, காது இரண்டும் பக்கவாட்டில் மடிகிறது, கட்டிலுக்கு அடியில் பாய்கிறாள். அறையில் யாரும் இல்லை. போனில் சத்தம் ஏதும் பெரிதாகப் பதிவாகவில்லை. மகள் படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கினாள். எவர்சில்வர் தண்ணீர்க் கிண்ணத்தின் மேற்பரப்பில் மெல்லிய வளையங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அடுக்ககத்தின் தண்ணீர் மோட்டார். டக்ட்டின் அடியில், அந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே. காலை ஐந்தரைக்கும் இரவு எட்டரைக்கும் சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றுவார்கள். போதாததற்கு மார்ச் மாதம், லாரித் தண்ணீர் எப்போது வருகிறதோ அப்போதெல்லாம் கூடுதலாக ஒரு முறை. வீட்டாருக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே நின்று வருடங்கள் ஆகிவிட்டன. நான் அங்கே இருந்த நேரங்களில் மோட்டார் ஓடியதில்லை. மனிதக் காது சுமார் 20 ஆயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூனையின் காது 60 ஆயிரத்தையும் தாண்டிப் போகும். மோட்டாரின் ஹூங்காரம் நமக்கு, அதன் மேலே இழையும் கீச்சொலி அவளுக்கு. தரையில் வரும் அதிர்வு வேறு, அதில்தான் அவள் வயிற்றை வைத்துப் படுத்திருக்கிறாள். நான் நிசப்தம் என்று தேர்ந்தெடுத்த அறைதான் அந்த வீட்டிலேயே அவளுக்கு மிக மோசமான அறை.

வெள்ளத்தில் பம்பு செட் சத்தம் கேட்டுப் பயந்திருப்பாள் என்று ஒரு நண்பர் கதை கட்டினார். அழகான கதை, ஆனால் அது இல்லாமலே எல்லாம் புரிகிறது. எப்போது வரும் என்று சொல்ல முடியாத அதிர்வு, ஓடி ஒளிய ஒரே இடம், அந்த இடமே அதிர்கிறது. எந்தப் பூனைக்கும் இது போதும்.

மாமியின் அறை

வேறு அறை என்றால் மாமியின் அறை மட்டும்தான். தெருப்பக்கம். ஆட்டோ, காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி, மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம், எல்லாம் கேட்கும். நான் தயங்கியது சத்தத்துக்காக, மாமியின் மகன் தயங்கியது அம்மாவுக்காக. மாமி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாங்க தென்கலை. பூனைக் கட்சிதானே. கொண்டு வா" என்றார்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. பகவான் ஜீவனைக் காப்பது எப்படி என்பதில் வைணவத்தின் இரு கலையாரும் இரண்டு உவமை சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும், இது வடகலை. பூனைக்குட்டி சும்மா இருக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும், இது தென்கலையின் மார்ஜார நியாயம். மாமி பூனைக்குச் சம்மதித்தது இந்த வழியாகத்தான் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்றை மட்டும் அப்போதே சொல்லிவைத்தேன்: பிடரியைக் கவ்வினால் அடங்குவது குட்டிதான். வளர்ந்த பூனையைப் பிடரியில் தூக்கினால் அது அடங்குவதுபோலத் தெரியும், உண்மையில் பயத்தில் விறைக்கிறது. மூக்குத்தியை யாரும் தூக்கக் கூடாது, எந்த நியாயத்திலும்.

பன்னிரண்டாம் நாள், மார்ச் 13, மோட்டார் ஓடாத மதியத்தில் மாற்றினோம். பிடிக்கவில்லை. பெட்டிக்குள் இருந்தவளைப் பெட்டியோடு, ஓட்டைகளைத் துண்டால் மூடிக்கொண்டு தூக்கிப் போனோம். அவள் கன்னம் தேய்த்த நாற்காலியையும் கழுவாமல் கூடவே நகர்த்தினோம், தன் வாசனை தனக்கு முன்னால் போய் இருக்க வேண்டும்.

மூன்றே நாளில் சாப்பாடு இரட்டிப்பானது. ஒரு வாரத்தில் என் மதிப்பெண் 6-லிருந்து 4. தெருச் சத்தம் அவளைப் பெரிதாகப் பாதிக்கவில்லை, அது நாள் முழுக்க ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும். இன்னொன்றும் அந்த அறையில் இருந்தது, அதை நான் திட்டமிடவே இல்லை. மாமி காலை ஐந்து மணிக்கு எழுந்து, குளித்துவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பாராயணம் செய்வார். தாழ்ந்த குரல், ஒரே தாளம், கண் புத்தகத்தில். பூனையைத் திரும்பியும் பார்க்க மாட்டார். மகளோ ஆசையோடு குனிந்து குனிந்து கூப்பிடுவாள். பூனைகளின் உலகில் உற்றுப் பார்ப்பது மிரட்டல். பூனைப் பிரியர்கள் நிறைந்த கூட்டத்தில் பூனை தேடிப்போய் உட்காருவது எப்போதும் பூனை பிடிக்காதவர் மடியில்தான் என்பார்களே, அதன் ரகசியம் இதுதான்.

பத்தொன்பதாம் நாள் மாமி என்னைப் போனில் கூப்பிட்டார், அதுவே முதல் தடவை. "இன்னிக்கு வந்து ஒக்காந்துண்டது" என்றார். எங்கே என்றேன். "ஒரு கை தூரத்துல. முடியற வரைக்கும் இருந்தது." நீங்கள் என்ன செய்தீர்கள்? "நான் என்ன பண்ணுவேன், வாசிச்சிண்டிருந்தேன்."

மகளுக்கு நான் கொடுத்த பயிற்சி கண் சிமிட்டல். பூனையை நேராகப் பார்க்காமல், முகத்தைச் சற்றே திருப்பி, கண்ணை மெதுவாகச் சுருக்கி, மூடி, திறக்க வேண்டும். 2020-ல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் இதைச் சோதித்தார்கள். மனிதர் இப்படிச் சிமிட்டினால் பூனையும் திருப்பிச் சிமிட்டுவது கூடியது, அறிமுகமில்லாதவர் கையருகே வருவதும் கூடியது. மகள் பள்ளிப் பேருந்தில்கூடப் பழகிப் பார்த்திருக்கிறாள். இருபத்து மூன்றாம் நாள் நோட்டில் சிவப்பு மையில் ஒரு வரி: "மூக்குத்தி சிமிட்டினாள். 7.10. ரெண்டு தடவை."

சறுக்கல்

இருபத்தாறாம் நாள் உறவினர்கள் வந்தார்கள். கதவு மூடியே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தது. எட்டு வயதுப் பையன், பூனை இருக்கிறது என்று தெரிந்த பிறகு சும்மா இருப்பானா? கட்டிலுக்கடியில் ஊர்ந்துபோய் வாலைப் பிடித்து இழுத்தான். புறங்கையில் மூன்று கோடு, ரத்தம். உடனே குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினார்கள், அது மிக முக்கியம். பூனைக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் அதை நம்பி வீட்டிலேயே முடிவெடுக்க வேண்டாம் என்று டாக்டரிடம் அனுப்பினேன். அவர் சொன்னபடி பையனுக்கு ஊசி போட்டார்கள்.

மூக்குத்தி திறந்த கதவு வழியாகப் பாய்ந்து, துணி காயும் கொடி ஏறி, குளியலறைக்கு மேலே இருக்கும் பரணில் போய்ப் பதுங்கினாள். கொலுப் பொம்மைப் பெட்டிகளுக்குப் பின்னால்.

மாமியின் மகன் ஸ்டூல் போட்டு இறக்கப் போனார். வேண்டாம் என்று போனிலேயே கத்தினேன். இழுத்து இறக்கியிருந்தால் பத்து நொடியில் இறங்கியிருப்பாள், ஆனால் மாமியின் அறை பாதுகாப்பான இடம் என்று அவள் நம்பிய இரண்டு வாரமும் போயிருக்கும். தண்ணீரும் தீனியும் பரணுக்கே போயின. மண் தட்டு இரண்டாவது ஒன்று ஏறியது. வெயில் வேறு. மாமிதான் ஒரு யோசனை சொன்னார். தன் பழைய பருத்திப் புடவை ஒன்றை, துவைக்காததை, பரணிலிருந்து ஸ்டூல் வரைக்கும், ஸ்டூலிலிருந்து தரை வரைக்கும் தொங்கவிட்டார். மணம் தெரியும் வழியில் வரட்டுமே என்றார். மடி, ஆசாரம் பார்க்கும் மாமி தான் உடுத்திய புடவையைப் பூனைக்கு விரித்தார் என்பது எனக்கு அந்த நாலு வாரத்தின் பெரிய செய்தி.

இரண்டாம் இரவு, மூன்று மணிக்கு, அந்தப் புடவையைப் பிடித்து இறங்கினாள். நேராக மாமியின் கட்டிலுக்கடியில். புடவையில் இரண்டு நூல் இழுபட்டிருந்தது, அதை மாமி எல்லாரிடமும் காட்டினார். மதிப்பெண் 5-க்கு ஏறி, மறுபடி 4-க்கு வர பத்து நாள் ஆனது.

மெல்ல விரிந்தது

ஏப்ரல், மே பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கத்தரி வெயிலில் பூனையும் மனிதர்களும் ஒன்றுபோலத் தரையில் கிடந்தார்கள். மாலையில் மட்டும் விளையாட்டு. தென்னை ஈர்க்குச்சியின் நுனியில் உல்லன் நூலும் காகிதமும் கட்டி, முகத்துக்கு நேரே ஆட்டாமல், அவளிடமிருந்து விலகி ஓடும் எலிபோல இழுக்க வேண்டும். கடைசியில் பிடிக்க விட்டு, உடனே சாப்பாடு. வேட்டை, பிடி, தின், தூங்கு என்ற வரிசை முடிந்தால்தான் பூனைக்கு மனம் நிறையும். விளையாடி முடித்ததும் நூலைப் பூட்டி வைத்துவிட வேண்டும், விழுங்கினால் குடல் சுருட்டிக்கொண்டு அறுவை சிகிச்சையில் முடியும்.

தொடுவதை மே மாதம்தான் ஆரம்பித்தோம். ஒரு விரலை மூக்குக்கு நேரே நீட்டி நிறுத்துவது. அவளாகக் கன்னத்தைக் கொண்டுவந்து தேய்த்தால், கன்னத்தில், காதடியில், தாடையில் மூன்று தடவு. உடனே கையை எடுத்துவிட வேண்டும். மறுபடி வந்தால் மறுபடி. வயிறும் வால் அடியும் தடை. இதில் மகளைவிட மருமகளுக்குத்தான் கஷ்டம், அலுவலகம் முடிந்து வந்தவருக்கு அள்ளி அணைக்கத் தோன்றும். "இது என்ன, அனுமதி கேட்டு ஆபீஸ்ல ஃபைல் நகர்த்தற மாதிரி இருக்கு" என்பார்.

ஜூனில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சமையலறை கடைசி. குக்கர் விசிலுக்கு ஒரு வழி செய்திருந்தோம். காலை குக்கர் வைத்ததும் மாமியின் அறையில் பவுச் திறக்கப்படும், நாலு விசில் முடியும்வரை சாப்பாடு. ஒரு மாதத்தில் முதல் விசிலுக்கே கிண்ணத்தடியில் வந்து நின்றாள். மிக்சிக்கு இது பலிக்கவில்லை. மிக்சி போட்டால் இன்றும் பெட்டிதான். அதற்கு மருமகள், போடும் முன் "மிக்சி" என்று உரக்கச் சொல்கிறார். அதைக் கேட்டு அவள் நிதானமாக எழுந்து போய்ப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொள்கிறாள். எனக்கு இது குக்கர் வெற்றியைவிடப் பெரிதாகப் படுகிறது. சத்தம் பிடிக்காது, ஆனால் எப்போது வரும் என்று தெரியும், போக இடம் இருக்கிறது.

பால்கனியில் புறாவுக்காகக் கட்டிய நைலான் வலை இருந்தது. நைலானைப் பூனை கடித்து ஓட்டை போட்டுவிடும். உள்பக்கம் கம்பி வலை அடித்த பிறகே அந்தக் கதவு திறந்தது.

அக்டோபர் 31

அந்த வருடத் தீபாவளி. தமிழ்நாட்டில் பட்டாசுக்கு அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. தெருவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒரு மாதம் முன்பிருந்தே பட்டாசு ஒலிப்பதிவை மிகக் குறைந்த சத்தத்தில், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போட்டுப் பழக்கினோம். காது திரும்பினால் போதும், சாப்பாட்டை நிறுத்தினால் சத்தம் அதிகம் என்று பொருள். டாக்டர் பதற்றம் குறைக்கும் காபாபென்டின் என்ற மருந்தைக் கொடுத்திருந்தார். செப்டம்பரில் ஊசிக்குப் போனபோதும் அவர் சொல்லி, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு அதைக் கொடுத்துத்தான் போனோம், அதனால் அளவு ஏற்கெனவே தெரியும். மனிதருக்கு வாங்கிய மாத்திரையைத் தானாக உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து மாமியின் புடவையை விரித்தோம். அதற்குள் போனவள் இரவு ஒரு மணிக்கு வெளியே வந்து, சாப்பிட்டு, மண் தட்டுக்குப் போய், திரும்பிப் போனாள். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு நாற்காலியடியில் இருந்தாளாம்.

இப்போது எடை 3.9 கிலோ. யார் மடியிலும் ஏறியதில்லை, தூக்க இன்னும் விடுவதில்லை. கூடைக்குள் மட்டும் தானாகப் போவாள், அது திறந்தே கிடந்த பலன். விருந்தாளி வந்தால் இல்லாத பூனை ஆகிவிடுவாள். மகனின் அலுவலக நண்பர்கள் இரண்டு முறை வந்தும் பூனை என்பது வீட்டுக்காரரின் கற்பனை என்றே நினைக்கிறார்கள். பின்பக்கப் படுக்கையறையில் மதியம் தூங்குகிறாள். இரவு எட்டேகாலுக்கு எழுந்து வந்துவிடுகிறாள்.

இப்போதெல்லாம் பூனை கொடுக்க எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் முதலில் வாட்ச்மேனிடம் போய், மோட்டார் எங்கே இருக்கு, எத்தனை மணிக்குப் போடுவீங்க, லாரி வர்ற நாள் எது என்று கேட்கிறேன். பெரும்பாலான இடங்களில் என்னைக் குடிநீர் வாரியத்து ஆள் என்று நினைத்து, தண்ணீர் வராத கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.